இடது பக்கம் கடல்

மே 16, வியாழன். ஆதம்பாக்கம்

இந்த டைரி மாப்பிள்ளையின் கம்பெனியில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து பிரிக்காமலே கிடந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பத்திரங்களை நகல் எழுதிய கை இது. சொந்தமாக ஒரு வரி எழுதலாம் என்றால் முரண்டு பிடிக்கிறது. ஆனாலும் பேச முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

நாளைக் காலை கிளம்புகிறோம். மகள் தமயந்திக்கும் மாப்பிள்ளைக்கும் தூத்துக்குடிக்கு மாற்றல். சாமான்கள் லாரியில் போய்விட்டன, கார் மட்டும் எங்கள் வாசலில் நிற்கிறது. ஆள் வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார் மாப்பிள்ளை. "டிரைவர் வைக்கப் போறீங்களா? அப்ப நான் யாரு மாப்ள?" என்று இவர் போனிலேயே சிரித்தார். என் வீட்டுக்காரர் அம்பலவாணன் இருபத்தேழு வருடம் அரசு பஸ்ஸில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓட்டியவர். ஒரு விபத்து கிடையாது. அதற்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்தில், எங்கள் கல்யாணப் படத்தைவிட ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது.

கடற்கரைச் சாலையிலேயே போவது, நினைத்த இடத்தில் நின்று சாப்பிடுவது, பார்ப்பது, ஐந்து நாளில் தூத்துக்குடி. கல்யாணமான வருடம் எனக்குக் கொடுத்த வாக்கு இது. ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனாரே தவிர என்னை ஒரு தடவைகூட ஏற்றவில்லை. தூத்துக்குடி போனதும் பேத்தி இனியாவைத் தினமும் காரில் பள்ளிக்கூடம் கொண்டு விடுவது தன் டூட்டி என்று இப்போதே அறிவித்தாகிவிட்டது.

பெட்டியில் என் சேலைகளுக்கு அடியில் ஒரு பச்சை ஃபைல் இருக்கிறது. கண் ஆஸ்பத்திரி ஃபைல். ரிப்போர்ட் வாங்க வேண்டிய அன்று இவர் டிப்போ நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார், நான்தான் போனேன். டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகத்தான் சொன்னாள். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம். நேரே பார்த்தால் தெரியும், பேப்பர்கூடப் படிப்பார். இடது ஓரம் கிட்டத்தட்ட இல்லை. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. "வண்டி மட்டும் ஓட்டவே விடாதீங்கம்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்து, "சொட்டு மருந்து போடணுமாம், மத்தபடி ஒண்ணுமில்லையாம்" என்று சொன்னேன். பதினான்கு நாளாகிறது. தூத்துக்குடி போவதற்குள் சொல்லிவிடுவேன். அங்கே போனால் அந்தக் காரில் குழந்தை ஏறும்.

புளியோதரை கட்டவில்லை. வழியில்தான் சாப்பாடு என்று கண்டிப்பான உத்தரவு.

மே 17, வெள்ளி. சிதம்பரம்

ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்றார். ஐந்து இருபத்தெட்டுக்கு ஹாரன் அடித்தார். வாசலில் நின்றிருந்த ஒரே பயணி நான்தான்.

கோவளத்தில் டீ. "பத்து நிமிஷம்," என்றார். மாமல்லபுரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். கல் கோயிலை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு வந்தால் இன்ஜினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "என்னங்க, நான் ஒருத்திதானே. என்னையும் விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்றேன். கையைத் திருப்பி வாட்சைக் காட்டினார்.

மரக்காணத்துக்கு முன்னால் பஸ்கள் நிற்கிற பெரிய ஓட்டல். இவர் என்னையும் இழுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். பயணிகளைக் கூட்டி வருகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஓட்டல்காரர் தனி அறையில் இலை போட்டு உபசாரம் செய்வது வழக்கம். வாசலில் சப்ளையர் மறித்தார். "சார், இது ஸ்டாஃப் ரூம். ஃபேமிலி முன்னாடி." இவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முன்பக்கம் வந்து ஜனங்களோடு உட்கார்ந்து சாம்பாரைத் தொட்டு நக்கிப் பார்த்தார். "இத்தன வருஷமா நான் ஏத்திட்டு வந்தவங்களுக்கு இதத்தான் ஊத்துனானா?" என்று இலையைப் பார்த்தே கேட்டார். நான் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து அடங்கினேன்.

பெட்ரோல் பங்கில் இடது பக்கக் கண்ணாடி இரும்புக் கம்பத்தில் இடித்து மடங்கியது.

"சின்ன வண்டி, இன்னும் கை வரல," என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார். "பஸ்ஸுன்னா லெஃப்ட் எத்திராஜ் பாத்துப்பான். நான் ரைட்டும் நேரும் பாத்தா போதும். படியில ஆளு ஏறுனானா, ஓரத்துல சைக்கிள் வருதான்னு எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு விசில் அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சா போகணும். அவன் விசிலுக்கு நான் திரும்பிக்கூடப் பாத்ததில்ல மங்கை."

எத்திராஜ் இவரோடு பத்தொன்பது வருடம் ஓடிய கண்டக்டர். எங்கள் வீட்டில் என் பெயரைவிட அதிகம் உச்சரிக்கப்பட்ட பெயர். ஒரு மனிதருக்கு ஒரு பக்கம் பார்வை போவது எப்படித் தெரியாமல் இருக்கும் என்று பதினைந்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் விளங்கியது. இடது பக்கத்தை அவர் என்றைக்கோ இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். அது மங்கியபோது அவருக்கு எதுவும் குறையவில்லை.

அதற்குள் ஓரத்தில் ஒரு சைக்கிள். "லெஃப்ட்ல சைக்கிள் வருதுங்க," என்றேன். வண்டி அழகாக விலகியது.

"பரவால்லியே. கண்டக்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கலாம் நீ," என்றார்.

அப்புறம் சிதம்பரம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். லெஃப்ட்ல மாடு. லெஃப்ட்ல ஸ்கூட்டர். லெஃப்ட்ல ரோடு இறங்கியிருக்கு. மரக்காணம் உப்பளங்களில் உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கும் என்று இவர் சொன்னார். கிடந்திருக்கும். நான் ரோட்டு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 18, சனி. நாகப்பட்டினம்

காலையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். இவர் ஏழு இட்லி சாப்பிட்டார். எனக்கு இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. லாட்ஜில் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஃபைல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். கால் முளைத்து எங்கே போய்விடும்?

தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். இதை நான் கிளம்பும்போது யோசிக்கவில்லை. இவர் நேரே பார்த்தபடியே கையை இடப்பக்கம் நீட்டி, "இப்ப பாரு, சவுக்குத் தோப்பு முடிஞ்சதும் கடல் தெரியும்" என்பார். தெரியும். "அந்த வளைவுல ஒரு மாதா கோயில் வரும்" என்பார். வரும். நான் மலைத்துப்போய் அவரைப் பார்ப்பேன், உடனே ரோட்டைப் பார்ப்பேன்.

தரங்கம்பாடிக்கு முன்னால், "லெஃப்ட்ல கீத்துக்கொட்டாய் டீக்கடை பாத்தியா? நம்ம சிங்காரவேலு கடை. இஞ்சி தட்டிப் போடுவான். நிறுத்தட்டுமா?" என்று கேட்டார்.

அங்கே கீற்றுக்கொட்டாயும் இல்லை, டீக்கடையும் இல்லை. நீலக் கண்ணாடி பதித்த இரண்டு மாடி டைல்ஸ் கடை நின்றது. இரண்டு வருடப் பழசாவது இருக்கும்.

"வேணாங்க. இப்பத்தானே காபி குடிச்சோம்," என்றேன்.

நீலக் கண்ணாடி முழுக்க வெயில் பட்டு ஜொலிக்க, அவர் அதைக் கடந்து ஓட்டிக்கொண்டு போனார்.

மதியம் மீன் சாப்பாடு தேடினோம். தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. நாட்டுப்படகில் வந்த சின்ன மீன்தான் கிடைத்தது. சங்கரா கேட்டவருக்குக் கடைக்கார அம்மா, "அடுத்த மாசம் வாங்கண்ணே, இப்ப காரப்பொடிதான்" என்று சொல்லி, ருசியாகவே குழம்பு ஊற்றினாள்.

பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டுகொண்டு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "அண்ணன் வண்டின்னா கண்ண மூடிட்டுத் தூங்கலாம்," என்றார் ஒருவர். இவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மே 18, சாயங்காலம்

கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சுண்டல் வேண்டுமா என்று கேட்டேன்.

மே 19, ஞாயிறு. அதிராம்பட்டினம்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே அவருக்கும் புது ரோடு. இதையும் நான் யோசிக்கவில்லை. நேற்றுவரை மனப்பாடத்தில் ஓட்டினார். இன்றைக்கு என் வாயை வைத்து ஓட்டினார்.

வேதாரண்யத்தில் உப்பளம். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகலாம் என்றார்கள். இவர் வாட்சைப் பார்த்தார், நான் வேண்டாம் என்றேன். எனக்கு ஒரு இடத்தில் நிற்கவே முடியவில்லை. நின்றால் சொல்ல வேண்டி வரும். ஓடிக்கொண்டிருந்தால், லெஃப்ட்ல ஆடு, லெஃப்ட்ல பள்ளம் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். அதுவும் சொல்வதுதானே என்று மனசு ஒரு சாக்கு கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

அதிராம்பட்டினத்தில் வாடா சாப்பிட்டோம். அரிசி மாவுக்குள் இறாலும் வெங்காயமும் வைத்து வட்டமாகத் தட்டிப் பொரிக்கிறார்கள். இவர் இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைப் பாதியாகப் பிட்டு, பெரிய பாதியை எனக்கு நீட்டினார். "நல்லா வந்துருச்சு மங்கை," என்றார். வாடாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எத்திராஜ் கூட ஓட்டுற மாதிரியே இருக்கு. நீ சொல்ற, நான் போறேன்."

எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இருபத்தேழு வருடம் இவர் வாரத்தில் நான்கு நாள் ரோட்டில் இருந்தார். வீட்டில் இருக்கிற மூன்று நாளும் ரோட்டைப் பற்றிப் பேசினார். நான் பார்க்காத ஒரு சம்சாரம் அந்த பஸ்ஸுக்குள் நடந்துகொண்டிருந்தது. இப்போது அந்த இடது சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் பயமாக இருக்கிறது. இன்னொரு பக்கம் தூத்துக்குடி இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

காலையிலும் ராத்திரியும் அவர் தலையை என் மடியில் சாய்த்துச் சொட்டு மருந்து விடுகிறேன். "ஒண்ணுமில்லைன்னா எதுக்குடி இது?" என்று கேட்டார். "வயசாகுதுல்ல," என்றேன்.

நாளை ராமநாதபுரம். நாளை மறுநாள் தூத்துக்குடி. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மே 20, திங்கள். தொண்டிக்குத் தெற்கே

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்டியைத் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர். ரோடு ஒரு சின்னப் பாலத்தில் ஏறியது. பனைமரங்கள் விலகின. இவர் நேரே பார்த்தபடி, "காத்து மாறுது. கடல் பக்கத்துல இருக்கு போல. பாரு மங்கை, பாரு" என்றார்.

பார்த்தேன். நான்கு நாளில் முதல் தடவையாக, வண்டியிலிருந்து கடலைக் கண் எடுக்காமல் பார்த்தேன். கரையோரம் பச்சை, அதற்கப்பால் கருநீலம், நடுவில் கோடு கிழித்தது போல ஒரு எல்லை. அலையே இல்லை. இரண்டு நாட்டுப்படகுகள் அசையாமல் நின்றன. என் கண் இடது பக்கம்தான் இருந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது. பத்து எண்ணுகிற நேரம்கூட இருக்காது.

சத்தம் கேட்டது. முதலில் படபடவென்று ஏதோ துணி, அப்புறம் பிளாஸ்டிக் நொறுங்குவது. பிரேக் போட்டு நின்றோம்.

ரோட்டு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். எங்கள் இடது சக்கரங்கள் அதன் மேல் ஏறிப் போயிருந்தன. காக்கை விரட்ட ஆள் உட்காருகிற ஸ்டூல் வண்டிக்கு அடியில் நான்கு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் நட்டிருந்த குடை கம்பி பிதுங்கிச் சுருண்டு கிடந்தது. ஸ்டூலுக்கு அருகில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நான் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

குடிசைக்குள்ளிருந்து ஒரு பெண் போனைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஸ்டூலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். கத்தவில்லை.

"இப்பத்தேன் எந்திரிச்சேன்க்கா," என்றாள். "உள்ள போன் அடிச்சுச்சு. எடுத்தா ரீசார்ஜ் பண்ணச் சொல்லி கம்பெனிக்காரப் பொண்ணு பேசுது. வச்சுட்டு வாரேன், இப்படிக் கெடக்கு."

சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பெயர் சேதுவம்மா.

இவர் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து ஸ்டூல் துண்டுகளை இழுத்துப் போட்டார். மணலில் சிதறிய நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தார்ப்பாயில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"லெஃப்ட் நீதானே பாக்குற. ஏன் சொல்லல?"

"நான் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"பின்ன?"

"உங்களுக்கு லெஃப்ட் தெரியாதுங்க. கண்ணுல இல்ல. டாக்டர் சொல்லிட்டாங்க. வண்டியே ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

பெட்டியைத் திறந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். கண்ணின் படம் போட்ட தாளில் இடது பக்கம் மை கொட்டியது போல அடர்ந்திருந்தது. நின்றபடியே படித்தார். தேதியையும் படித்தார்.

"பதினெட்டு நாளா தெரியுமா உனக்கு?"

தலையாட்டினேன்.

உடனே நம்பவில்லை. கடலைப் பார்த்து நின்றுகொண்டு, "நீ எனக்குப் பின்னாடி லெஃப்ட்லேருந்து முன்னாடி நடந்து வா. தெரிஞ்சதும் சொல்றேன்" என்றார். நடந்தேன். அவர் தோளுக்கு நேரே வந்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டடி வைத்தேன், இன்னும் ஒன்று. கிட்டத்தட்ட அவர் முகத்துக்கு எதிரே வந்த பிறகுதான், "ம், இப்ப" என்றார். என்னைப் பார்த்தார். நான் எத்தனை அடி நடந்தேன் என்று மணலில் தடம் இருந்தது. அதையும் பார்த்தார்.

சேதுவம்மா எழுந்து வந்து இரண்டு பேருக்கும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே என்ன ரோட்டுல ஓட்ட விட்டியா? இந்தம்மா உக்காந்திருந்தா? ரோட்டுல போறவன் யாரையாவது நெனச்சியா நீ?" சொம்பைக் கீழே வைத்தார். "சைக்கிள் வருது மாடு வருதுன்னு நாள் பூரா சொன்னியே. கண்டக்டரு வேல அது மட்டுமாடி? ஒரு விசில் அடிக்கத் தெரியல உனக்கு. எத்திராஜா இருந்தா அன்னைக்கே அடிச்சு வண்டிய நிறுத்தியிருப்பான்."

இவர் மனசு நொந்துவிடுமே என்றுதான் மறைத்தேன் என்று இந்த டைரியில் எங்காவது எழுதியிருக்கிறேனா என்று புரட்டிப் பார்த்தேன். நல்லவேளை, அந்தப் பொய்யை எழுதவில்லை. எனக்கு இந்தப் பயணம் வேண்டும். அந்த சீட் வேண்டும். அதற்காக மறைத்தேன். அதற்கு விலையாக அந்த ஸ்டூலில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

இவர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "மாப்ள, ஆளு அனுப்பி வண்டிய எடுத்துக்குங்க. எனக்கு லெஃப்ட் சைடு கண்ணு தெரியல. இனிமே ஓட்ட மாட்டேன். ஒருத்தருக்கும் அடி இல்ல. எடத்தச் சொல்றேன், எழுதிக்குங்க." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, சாவியைக் கழற்றிச் சேதுவம்மாவிடம் நீட்டினார். "நீயே வச்சுக்கம்மா. அவர் வந்தா குடு."

"எங்கிட்டயா?" என்றாள்.

"ஒங்கிட்டதான்."

ஷேர் ஆட்டோவில் தொண்டிக்குப் போய்ப் புது ஸ்டூலும் குடையும் வாங்கி வந்தார். குடையைத் தானே நட்டார். ரோட்டிலிருந்து பத்தடி தள்ளி நட்டார். சேதுவம்மா அதற்குள் சோறு வடித்து, ஈர நெத்திலியை மிளகாய்த் தூளில் புரட்டிப் பொரித்திருந்தாள். "சாப்புட்டுப் போங்க. வெறும் வயித்தோட என்னத்த நெனச்சுக்கிட்டு இருக்கப் போறீய," என்றாள். கொல்லப் பார்த்தவர்களுக்குச் சோறு போட்ட கையை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தப் பயணத்தில் நான் வயிறு நிறையச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். அழுதுகொண்டே சாப்பிட்டேன். இவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், அதனாலும் இருக்கலாம்.

மே 21, செவ்வாய். பஸ்ஸில் எழுதுகிறேன்

எழுத்து ஆடுகிறது.

நேற்று ராமநாதபுரத்தில் தங்கினோம். என்னோடு பேசவில்லை. சொட்டு மருந்துக்கு மட்டும் தலையைச் சாய்த்தார்.

காலையில் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எத்திராஜுக்குப் போன் போட்டார். சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். என்மேல் புகார் சொல்வது போலத்தான் சொன்னார். "நீயா இருந்தா நிறுத்தியிருப்பியேடா எத்திராஜ்," என்றார்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காத," என்றார் எத்திராஜ். "கடைசி ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்ணே. மரக்காணத்துல ஒரு தபா ஓரத்துல ஆள் நிக்கறப்பவே வண்டிய அவன் பக்கமா அணைச்ச பாரு, அன்னைக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் டிக்கெட் குடுக்கறதக்கூட விட்டுட்டு முன் படியிலயே நின்னுக்கினு வந்தேன். கண்ணு டெஸ்ட்ல எழுத்தெல்லாம் கரெக்டா படிச்சிட்டு வந்துட்ட. நான் போய் டிப்போல இன்னான்னு சொல்றது? ரிட்டையர் ஆகற ஆளு, விபத்தே இல்லன்னு சர்ட்டிபிகேட் வாங்கப் போற ஆளு. வாய் வரலண்ணே."

இவர் போனைக் கையில் வைத்தபடியே இருந்தார். "சரிடா," என்றார். வைத்துவிட்டார்.

எதிரே தொண்டி பஸ் நிரம்பிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள், இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள் ஏறினார்கள். இவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பத்தஞ்சு சீட்டு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எத்திராஜும் என்னைப் போலத்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். இரண்டு வருடம், வாரத்துக்கு நான்கு நாள், நடைக்கு ஐம்பத்தைந்து பேர். நாங்கள் இருவரும் இவர்மேல் வைத்த பிரியம் அத்தனை பேர் தலைமேல் நின்றிருக்கிறது.

தூத்துக்குடி பஸ் வந்தது. இவர் டிக்கெட் எடுத்தார். இரண்டு பேர் சீட்டில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். இவருடைய வலது கால் தானாக ஒருமுறை தரையை அழுத்தியது.

கீழக்கரையில் தொதல் அல்வா விற்றுக்கொண்டு ஒருவர் ஏறினார். இவர் வாங்கிப் பிரித்து எனக்கு முதலில் கொடுத்தார். பேச்சு வரவில்லை, தொதல் வந்தது. அதுவும் போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

சாயல்குடி தாண்டி, வேம்பார் வரும்போது பனங்காட்டுக்கு நடுவே கடல் தெரிந்தது. "கடல் தெரியுதுங்க," என்றேன். கழுத்தை முழுசாகத் திருப்பினார், பின்னால் இருப்பவரைப் பார்க்கத் திரும்புவது போல. அது மறையும் வரைக்கும் பார்த்தார்.

"நான் இத பாத்ததே இல்ல மங்கை," என்றார். "உனக்குத்தான் காட்டிக்கிட்டே வந்தேன். வண்டி ஓட்டறவன் எங்க கடலப் பாக்கறது."

"நானும் பாக்கலைங்க," என்றேன்.

மே 22, புதன். தூத்துக்குடி

ஊருக்குத் திரும்பியதும் ஹாலில் இருக்கிற அந்தப் பாராட்டுப் பத்திரத்தை இறக்கிவிடச் சொன்னார். சரி என்றேன்.

ஜூன் 10, திங்கள். தூத்துக்குடி

இனியாவுக்கு இன்று பள்ளிக்கூடம் திறந்தது. கார் வந்து வாசலில்தான் நிற்கிறது. முன்பக்கம் இடது விளக்கு புதுசு. சாவி தமயந்தியின் கைப்பையில்.

"தாத்தா, வண்டில கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க," என்றாள் இனியா.

"தாத்தாவுக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாதுடா," என்று இடது காதுக்குப் பக்கத்தில் கையை ஆட்டிக் காட்டினார். வந்த நாளிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் இப்படியே காட்டுகிறார். பால்காரருக்குக்கூடக் காட்டியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்கிறது. நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

நடந்தே போனோம். இனியா அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இடது பக்கம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் துறைமுகத்து லாரிகள் போகிற பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். ஓரத்தில் நின்றார். குழந்தை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், "சொல்லு" என்றார்.

வலது பக்கம் காலியாக இருந்தது. அவர் பார்க்கிற அளவில் ரோடே காலிதான். மணி அடித்துவிட்டது என்று இனியா இழுத்தாள். அவர் பாதி அடி எடுத்து வைத்துவிட்டார். இடது பக்கம், உப்பு ஏற்றிய ஒரு லாரி தப்பு வழியில் திரும்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"நில்லுங்க," என்றேன்.

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நின்றார். ஏன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.